மழை நாளுக்கு ஒரு காகிதப் படம்

“மலைகளின் அரசி” என்று எல்லோரும் போற்றும் நீலகிரியில் பிறந்து வளரும் பேறு பெற்றவர்கள் நாம். கோடையில் நம் ஊரைக் காண வருவோர் பூங்காவையும் ஏரியையும் மலை ரயிலையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இந்த அரசி சினம் கொள்வதுண்டு என்பதை இங்கேயே வாழும் நாம்தானே அறிவோம்! மண் சரியும், மரம் விழும், சாலை அறுபடும், மின்சாரம் நிற்கும், கையில் இருக்கும் செல்போன் வெறும் கண்ணாடித் துண்டாகி விடும். அத்தகைய நாளில் நமக்குக் கைகொடுக்கக் கூடியது மடித்து வைத்த ஒரு காகிதம். அதுவே வரைபடம்.

“வரைபடமா? அது புவியியல் தேர்வுக்கு அல்லவா?” என்று தங்கைகள் கேட்கலாம். நாங்களும் சென்ற ஆண்டு வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். எங்கள் எண்ணம் மாறிய கதையையும், எந்தப் படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நாங்கள் கற்றதையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

ஒரு மாலைப் பொழுதில்

சென்ற ஆண்டு நவம்பர் மாதம். பள்ளி முடிந்து எஸ்டேட் பக்கம் செல்லும் பேருந்தில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். பாதி வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், பெரிய சீகை மரம் ஒன்று மண்ணோடு பெயர்ந்து சாலையின் குறுக்கே கிடந்தது. பகல் முதலே மின்சாரம் இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை. “மரத்தை அறுக்க ஆள் வரும்வரைக்கும் வண்டிய விட்டு இறங்காதீங்கம்மா” என்று நடத்துனர் அண்ணன் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

எங்களுள் ஒருத்தியின் பையில் சுற்றுலாப் பயணிகளுக்காக அச்சிட்ட வண்ணப் படம் ஒன்று இருந்தது. அதில் நாங்கள் நின்ற இடத்துக்கு அருகிலிருந்து எங்கள் எஸ்டேட் பக்கத்துக் காட்சி முனைக்கு ஒரு புள்ளிக் கோடு ஓடியது. விரலால் அளந்தோம், நான்கு விரற்கடைதான். “இவ்வளவுதானா! இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்” என்று துணிந்து, நடத்துனர் பார்க்காத வேளையில் இறங்கி நடந்தோம். அது தவறு என்பதை மறைக்காமல் சொல்லி விடுகிறோம்.

பாதை தேயிலைக்குள் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. பனி மூடிற்று. கடைசியில் ஓர் ஓடையின் கரையில் பாதை முடிந்தது. செந்நிற வெள்ளம் கற்களை உருட்டிக்கொண்டு ஓடியது. கைகோத்துக் கடந்து விடலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பம்ப் ஹவுஸைப் பூட்டிவிட்டு வந்த எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் மேலிருந்து பார்த்து விட்டார். “பிள்ளைங்களா, நில்லுங்க! அந்தத் தண்ணியில கால வைக்காதீங்க!” என்று அவர் போட்ட சத்தம் இன்றும் எங்கள் காதில் ஒலிக்கிறது. அவர்தான் எங்களைத் திரும்பவும் மேலே அழைத்துச் சென்று பேருந்தில் சேர்த்தார். அன்றிரவு சாலையோரத்து வீடொன்றில் ஒரு பாட்டியம்மா எங்களுக்குச் சூடான காப்பியும் படுக்க இடமும் தந்தார்.

மறுநாள்தான் மற்றொரு செய்தி தெரிந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் கொழுந்து எடுக்கும் தொழிலாளி. மகள் வீடு திரும்பாததைக் கண்டு, லைன் வீட்டிலிருந்து டார்ச் விளக்குடன் இறங்கி வந்து, அதே ஓடையின் மறுகரையில் நின்று இரவு எட்டு மணி வரை மகளின் பெயரைச் சொல்லிக் கூவியிருக்கிறார். மகள் வந்தால் அந்த வழியாகத்தான் வருவாள் என்று அவரும் எண்ணியிருக்கிறார். நாங்கள் அதற்குள் மேலே போய்விட்டோம். எங்களைத் தேடி அவர் தண்ணீரில் இறங்கியிருந்தால்? அந்த ஒரு கேள்விதான் எங்களை இந்த வேலையில் ஈடுபடுத்தியது.

மேசை மேல் ஐந்து படங்கள்

நடந்ததைக் கேட்ட எங்கள் புவியியல் சிஸ்டர் எங்களைக் கடிந்துகொண்டார், அது நியாயமே. பிறகு அடுத்த வாரம் மேசை மேல் ஐந்து படங்களைப் பரப்பி, “இவற்றில் எது நல்ல படம்?” என்று கேட்டார். நாங்கள் வண்ணம் மிகுந்ததைக் காட்டினோம். “எதற்கு நல்லது என்று முதலில் கேட்க வேண்டாமா?” என்றார். அந்தக் கேள்வியே எங்களுக்கு முதல் பாடம் ஆயிற்று.

முதலாவது, சுற்றுலாப் படம். பார்க்க வேண்டிய இடங்கள் இவை என்று சொல்வதே அதன் வேலை. தொட்டபெட்டாவும் டால்பின் முனையும் அதில் பெரிய ஓவியங்களாக இருக்கும். தொலைவு அளவுப்படி இராது. மேடும் பள்ளமும் இரா. எங்களை ஏமாற்றியது அந்தப் படமன்று. அது சொல்லாத ஒன்றை அதனிடம் கேட்டது எங்கள் பிழை.

இரண்டாவது, மாவட்டச் சாலைப் படம். இரண்டரை கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டரில் அடக்கும் 1:2,50,000 அளவைப் படம் இதற்கு எடுத்துக்காட்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி அடைபட்டால் கோத்தகிரி வழி உண்டு. மேற்கே நடுவட்டம் வழியாகக் கூடலூர் உண்டு. கல்லட்டி வழியாக மசினகுடி உண்டு என்பதை ஒரே பார்வையில் காட்டும். வண்டியில் செல்வோருக்கு இது வேண்டும். ஆனால் நடந்து செல்வோருக்கு இதில் ஒரு மலைச்சரிவே ஒரு விரல் நுனிக்குள் மறைந்து விடும்.

மூன்றாவது, வருவாய்த் துறையின் கிராமப் படமும் புலப்படமும். யார் நிலம் எதுவரை, சர்வே எண் என்ன என்பதைத் துல்லியமாகக் கூறும். உயரத்தைப் பற்றி ஒன்றும் கூறாது.

நான்காவது, எஸ்டேட் படம். பீல்டு எண்கள், மஸ்டர் ஷெட், தண்ணீர்த் தொட்டி, குறுக்குப் பாதைகள் முதலியன அதில் உண்டு. வெளியார் அறியாத, தொழிலாளர் அன்றாடம் நடக்கும் வழிகளும் உண்டு. ஆனால் எஸ்டேட் எல்லையோடு உலகம் முடிந்து விட்டதுபோல் அந்தப் படமும் முடிந்து விடும்.

ஐந்தாவதே நாங்கள் தேடியது. இந்திய நில அளவைத் துறையின் தலப்படம். ‘டோப்போ ஷீட்’ என்று பலரும் கூறுவர். அதன் அளவை 1:50,000. அதாவது படத்தில் 2 சென்டிமீட்டர், தரையில் 1 கிலோமீட்டர். சாலை, ஒற்றையடிப் பாதை, ஓடை, பாலம், காடு, கோயில், ஆலயம், ஊர் இவற்றோடு மலையின் உயர்வு தாழ்வுகளையும் ஒருசேரக் காட்டுவது இதுவே.

அளந்தவர்களை நினைப்போம்

இந்தப் படங்கள் எளிதில் பிறந்தவை அல்ல. இந்திய நில அளவைத் துறை 1767-ஆம் ஆண்டில் தோன்றியது. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய அடிக்கோட்டு அளவையிலிருந்தே இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை வளர்ந்தது. நீலகிரிக்கு 1812-லேயே கீஸ் என்ற நில அளவையாளர் துணைவருடன் ஏறி வந்தார். கோயம்புத்தூர் ஆட்சியரான ஜான் சல்லிவன் 1819-ல் வருவதற்கு ஏழாண்டுகள் முன்பு அது. பின்னர் 1821-ல் வார்டும், 1847-ல் ஆக்டர்லோனியும் இம்மலையை அளந்து எழுதினர். கூடலூருக்கு அருகே நாம் ‘ஓவேலி’ என்று அழைக்கும் பள்ளத்தாக்கின் பெயரில் இந்த ஆக்டர்லோனி குடும்பத்தின் பெயர்தான் சுருங்கி நிற்கிறது.

முன்பு தலப்படங்கள் எல்லோருக்கும் எளிதில் கிடைக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று இரண்டாகப் பிரித்தது. அத்துறையின் 250-ஆம் ஆண்டான 2017-ல் பொதுமக்கள் வரிசையை இணையதளத்தின் வழியே இலவசமாக வழங்கத் தொடங்கினர். எனவே இன்று ஒரு பள்ளி மாணவியும் தன் ஊரின் தலப்படத்தைப் பெற்று அச்சிட்டுக்கொள்ள முடியும். இது நாம் பெற்ற நற்பேறு அல்லவா?

முதலில் தாள் எண்ணைப் பார்

படம் கிடைத்ததும் நாங்கள் முதலில் சறுக்கியது தாள் எண்ணில்தான். ஒவ்வொரு தாளும் அட்சத்தில் 15 கலை, தீர்க்கத்தில் 15 கலை கொண்ட ஒரு சதுரம். நம் பக்கத்தில் பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். பழைய வரிசை எண்ணின்படி உதகமண்டலம் 58 ஏ/11 என்ற தாளில் உள்ளது. குன்னூரும் கோத்தகிரியும் மேட்டுப்பாளையமும் 58 ஏ/15 என்ற தாளில் உள்ளன. இரண்டுக்கும் எல்லை கிழக்குத் தீர்க்கம் 76 பாகை 45 கலை. மலை ரயிலில் குன்னூரிலிருந்து உதகைக்குப் போகும்போது அருவங்காட்டைத் தாண்டிக் கேத்தியை அடைவதற்குள் நாம் ஒரு தாளிலிருந்து மற்றொரு தாளுக்குள் போய்விடுகிறோம்! 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவோ முதல் தாளின் கிழக்கு ஓரத்தை ஒட்டி நிற்கிறது.

ஆகவே “நம் ஊர்ப் படம் இருக்கிறது” என்று நிம்மதியாக இருந்து விடக் கூடாது. நம் வீடு தாளின் ஓரத்தில் இருந்தால் பக்கத்துத் தாளையும் சேர்த்து வாங்கி, இரண்டையும் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆபத்து தாளின் ஓரத்தில் நின்று விடுவதில்லை. பொதுமக்கள் வரிசையில் தாள் எண்கள் வேறு முறையில் அமைந்திருப்பதால், ஊர்ப் பெயரையும் அட்சம் தீர்க்கங்களையும் கொண்டு சரிபார்ப்பது நல்லது.

பழுப்புக் கோடுகள் கூறும் பாடம்

தலப்படத்தில் நிறங்கள் பேசும். சிவப்பு, சாலைகளும் குடியிருப்புகளும். பச்சை, காடு. மஞ்சள், சாகுபடி நிலம். நீலம், நீர். பழுப்பு, சம உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பதே ஒரு கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வேறுபாடு. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து; விலகியிருந்தால் மெல்லிய சரிவு. கோடுகள் அம்பு முனைபோல் மேட்டை நோக்கி வளைந்தால் அது நீர் ஓடும் பள்ளம். தாழ்வை நோக்கி வளைந்தால் அது மலையின் முதுகு.

அன்று நாங்கள் நடந்த வழியைத் தலப்படத்தில் தேடினோம். நேர்க்கோட்டில் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை கிலோமீட்டர். பாதையின் வளைவுகளை நூலால் அளந்தபோது ஏறத்தாழ 4 கிலோமீட்டர். பழுப்புக் கோடுகளை எண்ணினோம். இறக்கத்தில் 12 கோடுகள்; அதாவது 240 மீட்டர். ஓடைக்கு அப்பால் ஏற்றத்தில் 10 கோடுகள், 200 மீட்டர்.

ஸ்காட்லாந்து நாட்டு மலையேறியான நெய்ஸ்மித் என்பவர் 1892-ல் கூறிய கணக்கு ஒன்று உண்டு. 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு மற்றொரு மணி நேரம். அதன்படி எங்களுக்கு நடைக்கு 48 நிமிடமும் ஏற்றத்துக்கு 20 நிமிடமும் ஆக 68 நிமிடம். இது நல்ல பாதையில், நல்ல வெளிச்சத்தில், நல்ல நடையாளருக்கு. மழையிலும் பனியிலும் புத்தகப் பையோடும் இரண்டு மடங்கு என்று கொள்வதே அறிவுடைமை. நாங்கள் புறப்பட்டது ஐந்தேகால் மணிக்கு. நவம்பரில் சூரியன் ஆறு மணிக்கெல்லாம் மறைந்து விடுகிறது. அந்தத் தாள் அன்று எங்கள் கையில் இருந்து, அதைப் படிக்கவும் தெரிந்திருந்தால், அது எங்களுக்கு வழி சொல்லியிருக்காது. “போகாதே, வண்டியிலேயே இரு” என்றுதான் சொல்லியிருக்கும்! போகும் வழியைக் காட்டுவது மட்டும் வரைபடத்தின் வேலை என்று எண்ணியிருந்த எங்களுக்கு இது புதிய செய்தி.

இன்னொன்றும் கண்டோம். எங்களைத் தடுத்த அந்த ஓடை தலப்படத்தில் நீல நிறத்தில் இல்லை. மெல்லிய கருப்புக் கோடாக இருந்தது. கருப்பு என்றால் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடை என்று பொருள். வறண்ட காலத்தில் அது உண்மை. மழைக் காலத்தில்? சிறந்த படமும் பருவத்தை அறியாது. பருவத்தை நாம்தான் அறிந்து அதில் எழுதிச் சேர்க்க வேண்டும்.

ஆண்டையும் பார், பெயரையும் பார்

தாளின் ஓரக் குறிப்பில் அளவை செய்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் எந்தப் படத்தையும் நம்பக் கூடாது. மிகப் பழைய தாள்களில் ஒரு அங்குலம் ஒரு மைல். உயரங்கள் அடிக்கணக்கில் இருக்கும். அடியை மீட்டர் என்று படித்தால் மலை மூன்று மடங்கு உயர்ந்து விடும்! குந்தா நீர்மின் திட்டத்துக்கு முந்தைய படத்தில் எமரால்டு ஏரியோ அவலாஞ்சி ஏரியோ இரா. அங்கே வெறும் பள்ளத்தாக்குதான் தெரியும்.

பெயர்களும் நமக்குப் பாடம் சொல்கின்றன. ‘அவலாஞ்சி’ என்பது ஆங்கிலத்தில் பெருஞ்சரிவைக் குறிக்கும் சொல். 1820-களில் அங்கே ஏற்பட்ட ஒரு பெரிய நிலச்சரிவே அப்பெயருக்குக் காரணம் என்பர். அதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு மாதத்தில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. முன்னோர் வைத்த பெயரும் ஓர் எச்சரிக்கைப் பலகை போன்றதே.

மலை தந்த படிப்பினைகள்

நம் மாவட்டத்தில் 1978, 1979 ஆண்டுகளின் மழையில் ஏராளமான சரிவுகள் ஏற்பட்டன. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மலை சரிந்து உயிர்களைப் பலி கொண்டது. 2009 நவம்பரில் உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் ஒரே சமயத்தில் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவற்றையெல்லாம் கொண்டு மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயம் உள்ளவை என்று வகுத்து வைத்திருக்கிறது.

நம் அண்டை மாவட்டமான வயநாட்டில் 2024 ஜூலை 30-ஆம் நாள் அதிகாலையில் நிகழ்ந்த பெருந்துயரை நாம் மறக்க இயலாது. ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கிய சரிவு ஆற்றின் வழியே சுமார் 8 கிலோமீட்டர் ஓடி, முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்தது. சூரல்மலையின் பாலம் அடித்துச் செல்லப்பட்டதால் அக்கரையில் இருந்தோரை அடையவே வழியில்லாமல் போயிற்று. ராணுவத்தினர் இரவும் பகலும் உழைத்து 190 அடி நீளமுள்ள இரும்புப் பாலத்தை அமைத்த பிறகே கனரக இயந்திரங்கள் அங்கே போக முடிந்தது. நிலச்சரிவு நம் தலைக்கு மேலுள்ள சரிவிலிருந்து மட்டும் வருவதில்லை. நெடுந்தொலைவிலிருந்து ஓடை வழியாகவும் வரும் என்பதே அதன் பாடம். ஆகவே படத்தைப் பார்க்கும்போது நம் வீட்டைச் சுற்றி மட்டும் பார்த்தால் போதாது. நம் வீட்டருகே ஓடும் ஓடையை விரலால் தொட்டு, அது பிறக்கும் உச்சி வரை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்த படம்

இவ்வளவும் தெரிந்தபின் எங்கள் வகுப்பு ஒரு படத்தொகுப்பைச் செய்தது. இரண்டு தலப்படத் தாள்கள், ஒரு மாவட்டச் சாலைப் படம், எஸ்டேட் அலுவலகத்தில் அனுமதி பெற்று எடுத்த எஸ்டேட் படப் பிரதி ஆகியவை அதில் உள்ளன.

அச்சிடுவதில் இரண்டு பாடங்கள் கற்றோம். மை தெளித்து அச்சிடும் இயந்திரத்தில் எடுத்த பிரதி ஒரு தூறலிலேயே கரைந்து நீலக் குழம்பாகி விட்டது. லேசர் அச்சு நின்றது. மற்றொன்று, பெரிய தாளைச் சிறிய தாளில் அடக்கி அச்சிட்டபோது படம் சுருங்கிற்று. “2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர்” என்ற கணக்குப் பொய்த்தது. ஆனால் படத்தின் அடியில் உள்ள அளவுக் கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் அது பொய் சொல்லாது. ஆகவே எண்ணை விட அளவுக் கோட்டையே நம்ப வேண்டும். அதை வெட்டி எறியவும் கூடாது.

பிறகு தாளின் மேல் மெல்லிய டிரேசிங் தாளை வைத்து, அவரவர் வீட்டுப் பெரியோரிடம் கொண்டு சென்றோம். “1978-ல் தண்ணி எங்கே வந்தது? 1993-ல் எந்தப் பாதை போயிற்று? 2009-ல் எங்கே ஒதுங்கினீர்கள்?” என்று கேட்டோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாத்தா, ஓடைகளின் வளைவைப் பார்த்தே தம் லைன் வீட்டைக் கண்டுகொண்டு, “இங்கதான் மேல இருந்து மண்ணு வந்துச்சு” என்று விரலை வைத்தார். அந்த இடங்களையெல்லாம் சிவப்புப் பென்சிலால் குறித்தோம். பள்ளிகள், சமுதாயக் கூடங்கள், ஆஸ்பத்திரி, மலை முதுகின் மேல் செல்லும் நல்ல பாதைகள் ஆகியவற்றைப் பச்சையால் குறித்தோம். ஒவ்வொரு ஊரிலும் பிரிந்தவர்கள் கூட வேண்டிய ஓர் இடத்தைப் பெற்றோருடன் பேசி முடிவு செய்து நட்சத்திரமிட்டோம்.

தை மாதத்து நல்ல வெயிலில், சிஸ்டரும் இரண்டு தந்தையரும் உடன்வர, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வழியை நடந்து பார்த்தோம். தேசிய மாணவர் படையில் உள்ள தோழி திசைகாட்டியைக் கொண்டு படத்தை வடக்கு நோக்கித் திருப்பி வைக்கக் கற்றுத் தந்தாள். படத்தில் இருந்த ஒரு மரப்பாலம் தரையில் இல்லை! இரண்டு கல் தூண்கள் மட்டும் நின்றன. அதையும் சிவப்பால் அடித்தோம். அந்த ஓடைக் கரையில் எங்கள் தோழியின் தாயார் எங்களுடன் வந்து நின்றார். காலடியில் நீர் நூல்போல் ஓடிற்று. படத்தைத் தம் கையில் வாங்கி, ஓடையைக் காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். “இனிமே நான் எங்க வந்து நிக்கணும்னு இதுல போட்டிருக்கா?” என்று கேட்டார். நட்சத்திரத்தைக் காட்டினோம். அது ஓடைக்கு மேலே, அவர்கள் பக்கத்து மலை முதுகில் உள்ள மஸ்டர் ஷெட். “அப்ப சரி” என்றார். எங்கள் உழைப்புக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறு இல்லை.

நினைவில் கொள்ள வேண்டியவை

செல்போன் வரைபடம் பயனற்றது என்று நாங்கள் கூறவில்லை. முன்கூட்டியே படத்தைப் பதிவிறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் அது நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். ஆனால் மின்சாரம் இல்லாத மூன்றாம் நாளில் அது கண் மூடி விடும். காகிதத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை. பத்துப் பேர் சுற்றி நின்று ஒன்றாகப் பார்க்கவும் முடியும்.

படத்தைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் இடுங்கள். ஒன்றை வீட்டிலும், ஒன்றை அவசரப் பையிலும் டார்ச் விளக்கு, பென்சில், விசில் இவற்றோடு வையுங்கள். பையின் மேல் மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண்ணான 1077-ஐ எழுதுங்கள். ‘இன்ன ஊருக்கு மேற்கே, இன்ன எண் கொண்ட கட்டத்தில் இருக்கிறோம்’ என்று சொல்லப் பழகுங்கள். மீட்க வருவோருக்கு அது பெரிய உதவி. படத்தில் பாதை இருப்பது அங்கே போவதற்கு அனுமதி ஆகாது. காட்டுப் பகுதிக்கு வனத்துறையின் இசைவு வேண்டும். அந்தி வேளையில் யானைக்கும் காட்டெருமைக்கும் அதே பாதைதான் வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாரிகள் “வெளியேறு” என்றால் வெளியேறுங்கள். “இருந்த இடத்தில் இரு” என்றால் இருங்கள்.

எங்கள் படத்தொகுப்பு இப்போது பள்ளி அலுவலகத்துக் கதவின் பின்னால் ஓர் உறையில் தொங்குகிறது. நாங்கள் இந்த ஆண்டோடு பத்தாம் வகுப்பை முடித்துச் செல்கிறோம். பாலங்கள் இடியும், புதிய சாலைகள் தோன்றும், படம் பழையதாகும். ஆண்டுதோறும் புரட்டாசி பிறக்குமுன் அதை எடுத்து, பெரியோரைக் கேட்டு, நடந்து பார்த்துத் திருத்தும் பணியை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைக்கிறோம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. மழை வருமுன் படத்தைப் படிப்போமாக! நம்மைத் தேடி எந்தத் தாயும் இருட்டில் ஓடைக் கரையில் நிற்காதிருக்கட்டும்.

— புவியியல் மன்றத்தின் சார்பில், பத்தாம் வகுப்பு மாணவி